பினாங்கு நாள்குறிப்பு: நேரியல் இயற்கணிதம் நடந்து வந்த வழி

திங்கள் – வெல்ட் குவே, ஆர்மீனியன் தெரு

கோலாலம்பூரிலிருந்து ரயிலில் வருபவர்களுக்கு பட்டர்வொர்த் நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. பெட்டி கனம் என்று கிராப் பிடித்துப் பாலத்தைச் சுற்றிப் போகத் தோன்றும், வேண்டாம். படகு கால் மணி நேரத்தில் வெல்ட் குவேயில் இறக்கிவிடும். அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் சீனக் குலத்தாரின் மரத்துறைகள், நேரே உள்ளே போனால் ஆர்மீனியன் தெரு.

நாசி கண்டார் எந்தக் கடையில் நன்றாயிருக்கும் என்பதை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த வாரக் குறிப்புகள் வேறு. நேரியல் இயற்கணிதம் எப்படி வளர்ந்தது என்பதை ஜார்ஜ் டவுனைச் சுற்றிக்கொண்டே சொல்லலாம். சீனக் கணக்கு, சர்வேயர் கணக்கு, சிப் தொழிற்சாலை என்று அந்த வரலாற்றின் மூன்று பெரிய கட்டங்களும் இந்தத் தீவில் எட்டும் தூரத்தில் இருக்கின்றன. பல்கலைக்கழகப் பாடத்தில் வெக்டர் வெளி முதலில் வரும், அணி (நிரையும் நிரலுமாக அடுக்கிய எண்கள்) அடுத்து, சமன்பாட்டைத் தீர்ப்பது அதற்கும் பிறகு. நடந்தது அப்படியே தலைகீழ். தீர்க்கும் முறைக்கு வயது இரண்டாயிரம். அணிக்கோவை (சதுர எண் அடுக்கிலிருந்து கணக்கிடும் ஒற்றை எண்) வந்தது 1683-இல். அணி தனிக் கணிதப் பொருளானது 1858-இல். வெக்டர் வெளிக்கு இலக்கணம் எழுதப்பட்டது 1888-இல்.

இரண்டாயிரம் ஆண்டுக் கதை ஆர்மீனியன் தெருவுக்குப் பொருத்தம். பழம்பொருள் கடைகளில் சீன மணிச்சட்டம் கண்ணில் படும். ஆனால் நமக்கு வேண்டியது அதற்கும் முந்தைய கருவியான கணக்குக் குச்சிகள். சீனாவின் 'ஒன்பது அத்தியாயங்கள்' என்ற கணித நூல் ஏறத்தாழ கி.பி. முதல் நூற்றாண்டுக்குள் இன்றைய வடிவத்துக்கு வந்துவிட்டது. அதன் எட்டாம் அத்தியாயத்துக்கு ஃபாங்செங் என்று பெயர். மொத்தம் 18 கணக்குகள், எல்லாம் ஒருங்கமை சமன்பாடுகள். கி.பி. 263-இல் லியூ ஹுய் எழுதிய உரையோடு அது நமக்குக் கிடைக்கிறது.

முதல் கணக்கு இது. முதல் தர நெற்கட்டு 3, இரண்டாம் தரம் 2, மூன்றாம் தரம் 1 சேர்ந்தால் 39 டோ (பழைய சீன முகத்தலளவை) தானியம். 2, 3, 1 கட்டுகள் தருவது 34. 1, 2, 3 கட்டுகள் தருவது 26. ஒரு கட்டுக்கு எவ்வளவு?

தங்கும் விடுதித் தரையில் சதுர ஓடு இருந்தால் தீக்குச்சியாலேயே செய்து பார்க்கலாம். ஒற்றை இடத்தில் 1 முதல் 5 வரை நின்ற குச்சிகள். 6 முதல் 9 வரை மேலே ஒரு கிடைக்குச்சி ஐந்துக்கு, கீழே மீதி நின்ற குச்சிகள். பத்தாம் இடத்தில் இது அப்படியே திரும்பும், நின்றது கிடக்கும், கிடந்தது நிற்கும். நூறாம் இடத்தில் மறுபடி நின்ற குச்சி. சுழிக்குக் குச்சி கிடையாது, ஓடு காலி. இடத்துக்கு இடம் திசையை மாற்றாமல் வைத்தால் 24-உம் 33-உம் ஒன்றுபோலத் தெரியும். குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

ஒவ்வொரு சமன்பாடும் ஒரு நிரல், மேலிருந்து கீழ். வலப்பக்கம்தான் முதல் நிரல்:

1   2   3
2   3   2
3   1   1
26  34  39

நடு நிரல் முழுவதையும் வல நிரலின் தலையெண்ணான 3-ஆல் பெருக்குங்கள்: 6, 9, 3, 102. அதிலிருந்து வல நிரலை இரண்டு முறை கழித்தால் 0, 5, 1, 24. இட நிரலையும் 3-ஆல் பெருக்கி (3, 6, 9, 78) வல நிரலை ஒரு முறை கழித்தால் 0, 4, 8, 39. இனி இட நிரலை 5-ஆல் பெருக்கி, நடு நிரலின் நான்கு மடங்கைக் கழியுங்கள்: 0, 0, 36, 99. மூன்றாம் தரக் கட்டு 99/36, அதாவது 2¾ டோ. பின்னோக்கிப் போனால் இரண்டாம் தரம் 4¼, முதல் தரம் 9¼.

கழிப்பதற்கு முன் பெருக்குவது சும்மா இல்லை. தலையெண்ணால் முதலில் வகுத்திருந்தால் பின்னம் வந்துவிடும். குச்சியில் பின்னம் வைப்பது பெரும்பாடு. பெருக்கினால் முழு எண்ணாகவே நிற்கும். அதற்குக் கொடுக்கும் விலை, எண்கள் கிடுகிடுவென்று பெரிதாகும். ஒவ்வொரு கட்டத்திலும் பொதுக் காரணியால் சுருக்காவிட்டால் குச்சி போதாது. முழு எண் துல்லியத்தில் நீக்கல் செய்யும் இன்றைய மென்பொருளுக்கும் இதே தலைவலி.

மூன்றாம் கணக்கில் இன்னொரு சிக்கல். இன்றைய எழுத்தில் 2x + y = 1, 3y + z = 1, 4z + x = 1. மூன்றாவதை 2-ஆல் பெருக்கி முதலாவதைக் கழித்தால் y-இன் இடத்தில் 0 − 1 வந்து நிற்கிறது. இல்லாததிலிருந்து எடுப்பது எப்படி? குறை எண்ணுக்கான கூட்டல் கழித்தல் விதி இந்தக் கணக்கில்தான் நூலில் தரப்படுகிறது. நிறை எண்ணுக்குச் சிவப்புக் குச்சி, குறை எண்ணுக்குக் கறுப்புக் குச்சி என்கிறது லியூ ஹுய் உரை. வங்கிக் கணக்கில் சிவப்பு என்றால் பற்றாக்குறை என்று பழகிய நமக்கு இது நேர்மாறு. விடை 9/25, 7/25, 4/25.

அந்த 25-ஐ நினைவில் வையுங்கள். புதன்கிழமை அது தேவைப்படும். 13-ஆம் கணக்கில் ஐந்து குடும்பங்களும் ஒரு கிணறும் வருகின்றன. முதல் வீட்டுக் கயிறு இரண்டோடு இரண்டாம் வீட்டுக் கயிறு ஒன்றைச் சேர்த்தால் கிணற்றின் ஆழம். இரண்டாம் வீட்டுக் கயிறு மூன்றோடு மூன்றாம் வீட்டுக் கயிறு ஒன்று, இப்படியே நான்கு, ஐந்து, ஆறு கயிறுகள் என்று போய், ஐந்தாம் வீட்டுக் கயிறு ஆறோடு முதல் வீட்டுக் கயிறு ஒன்று சேர்வதில் முடியும். ஐந்து சமன்பாடு, தெரியாதவை ஆறு. நூல் தரும் விடை: ஆழம் 721, கயிறுகள் 265, 191, 148, 129, 76. 265 × 2 + 191 = 721; மற்றவற்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் வேறாக இருந்தால் எல்லாம் அதே விகிதத்தில் மாறும் என்பதை உரைகாரர் லியூ ஹுய் கண்டுகொண்டார்.

மணிச்சட்டம் பரவியதும் குச்சிகள் மறைந்தன. கூட்டல் பெருக்கலுக்குச் சட்டம் வேகம். ஆனால் அதில் ஒரே ஒரு வரிசைதான். நிரையும் நிரலுமாகப் பரப்பி வைக்க இடமில்லை. வேகமான கருவி வந்து ஒரு நல்ல முறையை ஓரங்கட்டிய கதை இது.

செவ்வாய் – கார்ன்வாலிஸ் கோட்டை

காலை ஒன்பதுக்கெல்லாம் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் பாடாங்கில் நிழல் கிடைக்காது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம். முதலில் நீபோங் மரவேலி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்லும் செங்கல்லும். எல்லோரும் 1603-இல் வார்த்த ஸ்ரீ ரம்பாய் பீரங்கியோடு படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கோட்டையின் இன்னொரு பெருமை யார் கண்ணிலும் படுவதில்லை. பினாங்குத் தீவுக்கும் செபராங் பிறைக்கும் காசினி ஆயத்தொலைவு முறையின் தொடக்கப்புள்ளி இந்தக் கோட்டைதான். ஏறத்தாழ வடக்கு 5°25′, கிழக்கு 100°20′. பினாங்கில் வீட்டு கெரான் (நில உரிமைப் பத்திரம்) வைத்திருப்பவர்களின் நில வரைபடத்தில் உள்ள எண்கள் இங்கிருந்து எத்தனை மீட்டர் வடக்கு, எத்தனை மீட்டர் கிழக்கு என்பதுதான். சிலாங்கூருக்கு புக்கிட் ஆசா, ஜொகூருக்கு குனோங் புளுமுட் என்று மாநிலத்துக்கு ஒரு புள்ளி.

மலாயாவின் முக்கோண அளவைக்குச் சென்னையோடும் உறவு உண்டு. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அடிக்கோடு அளந்து தொடங்கிய வேலையிலிருந்து, ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-இல் பூமியின் வடிவத்துக்கு ஒரு நீள்வட்டக் கோளம் கணக்கிட்டார். பகாங்கின் கெர்த்தாவை அடிப்படையாகக் கொண்ட தீபகற்ப வரைபடங்கள் அந்தக் கோளத்தின் திருத்திய வடிவத்தின் மேல்தான் வரையப்பட்டன.

சர்வேயருக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் என்ன? தேவைக்கு மேல் அளவு எடுப்பதுதான் சர்வேயர் வேலை. ஒரு கோணத்தைப் பலமுறை அளப்பார், ஒரே உயரத்துக்கு இரண்டு வழியில் போவார். அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துவராது. தெரியாதவை குறைவு, சமன்பாடுகள் அதிகம், எல்லாவற்றையும் நிறைவு செய்யும் விடை கிடையாது. அப்போது என்ன செய்வது?

சின்னதாக ஒன்று போட்டுப் பார்ப்போம். தரைக்குறி அ-விலிருந்து ஆ வரை ஏற்றம் 12.31 மீட்டர். ஆ-விலிருந்து இ வரை 8.12. நேரே அ-விலிருந்து இ வரை இன்னொரு பாதையில் அளந்தால் 20.46. முதல் இரண்டின் கூடுதல் 20.43. மூன்று சென்டிமீட்டர் உதைக்கிறது. ஆ-வின் உயரம் b, இ-யின் உயரம் c என்றால் மூன்று சமன்பாடுகள்: b = 12.31, c − b = 8.12, c = 20.46. பிழைகளின் வர்க்கக் கூடுதல் மிகக் குறைவாக வேண்டும் என்றால் கிடைக்கும் இயல்நிலைச் சமன்பாடுகள்:

2b − c = 4.19
−b + 2c = 28.58

முதலாவதிலிருந்து c = 2b − 4.19. இரண்டாவதில் இட்டால் 3b = 36.96, எனவே b = 12.32, c = 20.45. மூன்று சென்டிமீட்டரை மூன்று அளவுகளும் ஆளுக்கு ஒன்றாகப் பங்கிட்டுக்கொண்டன. இந்தச் சின்னக் கணக்கில் கண்ணாலேயே சொல்லிவிடலாம். ஆயிரம் புள்ளி வலையில் முடியாது. தேசியக் கெடஸ்டர் (நில எல்லைப் பதிவு) தரவுத்தளத்துக்காக மலேசிய நில அளவைத் துறை எல்லைக்கல் அளவுகளை இந்த மீச்சிறு வர்க்க முறையில்தான் சரிக்கட்டியது.

முறையை முதலில் அச்சிட்டவர் லெஜாந்திர், 1805. காஸ் 1809-இல் வெளியிட்டு, '1795 முதலே இது என் கையில்' என்றார்; லெஜாந்திருக்கு அந்தக் கோபம் கடைசிவரை ஆறவில்லை. 1801 ஜனவரி 1 அன்று பியாத்சி கண்ட சீரீஸ் குறுங்கோள் சூரியன் பக்கம் போய் மறைந்தபோது, எங்கே தேட வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னவர் காஸ். அந்த ஆண்டின் கடைசி நாள் வானியலாளர் சாக் அதைத் திரும்பப் பிடித்தார். பிறகு காஸ், பல்லாஸ் குறுங்கோளின் பாதைக்கு ஆறு மாறிகளை ஒழுங்கான குறியீட்டோடு ஒவ்வொன்றாக நீக்கிக் காட்டினார். அவருடைய பெயர் இந்த முறையில் ஒட்டிக்கொண்டது கணினிக் காலத்தில்தான். முறை அவர் கண்டதில்லை: சீனர் கதை நேற்றுப் பார்த்தோம், நியூட்டனின் பாடக்குறிப்பிலும் இருக்கிறது (1707-இல் அச்சானது). காஸ் செய்தது, சமச்சீரான இயல்நிலைச் சமன்பாட்டில் பாதி எண்களை எழுதவே வேண்டாம் என்று கண்டு வேலையை மிச்சப்படுத்தியது.

1823 டிசம்பர் 26 அன்று மாணவர் கெர்லிங்குக்கு எழுதிய கடிதத்தில் வேறொரு வழியும் சொல்கிறார். நீக்க வேண்டாம், எந்தச் சமன்பாட்டில் மிச்சம் பெரிதோ அதை மட்டும் சரிசெய், அடுத்த பெரிய மிச்சத்துக்குப் போ, எல்லாம் அடங்கும்வரை சுற்று. அரைத்தூக்கத்திலும் இதைச் செய்யலாம், வேறு எதையாவது நினைத்துக்கொண்டும் செய்யலாம் என்கிறார். இன்று இந்த வகை முறைக்கு காஸ்–சைடல் என்று பெயர். மூலைவிட்டத்தில் பெரிய எண் இருந்தால் ஒடுங்கும்; சர்வே வலையில் அந்த நிலைமை அடிக்கடி வாய்க்கும், அதனால் அவருக்கு ஒத்துவந்தது. எல்லா அமைப்புக்கும் இதைப் போட்டால் சிலவற்றில் விடை விலகிக்கொண்டே போகும்.

அடுத்த நூறு ஆண்டுகள் முழுக்க சர்வேயர்கள்தான். அமெரிக்கக் கடலோர அளவைத் துறையில் மைரிக் டூலிட்டில், 1878-இல், கையால் எழுதும் எண்களைக் குறைக்க அட்டவணை அமைத்தார். ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஜோர்டன் 1888-இல் தம் நில அளவைக் கையேட்டில் எழுதியது காஸ்–ஜோர்டன் முறை என்று இன்று பாடத்தில் இருக்கிறது. அது அழகாக இருக்கும், ஆனால் பெருக்கல்கள் ஏறத்தாழ n³/2. பின்னோக்கி இடும் சாதாரண நீக்கலுக்கு n³/3 போதும். பிரெஞ்சு ராணுவ அதிகாரி ஆந்த்ரே ஷொலெஸ்கி சமச்சீர் அணியை ஒரு முக்கோணமும் அதன் நிரை–நிரல் மாற்றும் ஆகப் பிரித்தார்; பெருக்கல் n³/6-ஆகக் குறைந்தது, கூடுதலாக n வர்க்கமூலங்கள். அவர் 1918 ஆகஸ்ட் 31 அன்று போர்க்களத்தில் இறந்தார். முறையை 1924-இல் சக அதிகாரி பெனுவா வெளியிட்டார். ஷொலெஸ்கி முறை ஓடும்போது வர்க்கமூலத்துக்குள் குறை எண் வந்தால் பயப்பட வேண்டாம், ஆனால் நிறுத்திவிடுங்கள்: அணி நேர்நிச்சயமானது இல்லை என்று அது சொல்கிறது. சர்வேயில் பெரும்பாலும் அதற்குக் காரணம், ஏதோ ஒரு புள்ளி வலையோடு சரியாகக் கட்டப்படாமல் தொங்குவது.

புதன் – மழை, லெபோ பசார்

காலையிலிருந்து மழை. மகாமாரியம்மன் கோவில் கோபுரத்தடியில் சற்று நின்று, லெபோ பசார் ஐந்தடிப் பாதையிலேயே நடந்தால் நனையாமல் தே தாரே கடை வரை போய்விடலாம். இன்று அணிக்கோவை மட்டும்.

1683-இல் ஜப்பானில் செகி தகாகசு. பத்து ஆண்டு கழித்து, 1693-இல், லோப்பிதாலுக்கு எழுதிய கடிதத்தில் லைப்னிட்ஸ். ஒருவரை ஒருவர் அறிய வாய்ப்பே இல்லை. லைப்னிட்ஸ் கெழுக்களுக்கு எழுத்து வைக்காமல் 10, 11, 12, 20, 21, 22 என்று எண்ணே வைத்தார்: முதல் இலக்கம் எந்தச் சமன்பாடு, இரண்டாம் இலக்கம் எந்த மாறி. இன்று அணிக்கு நாம் போடும் இரட்டைக் கீழ்க்குறியின் பாட்டன் இதுதான். கடிதம் அச்சேறியது 1850-இல். அதற்குள் மெக்லாரின் (1748), கிராமர் (1750), வாண்டர்மாண்ட், லாப்லாஸ், 1812-இல் கோஷி என்று எல்லோரும் தனித்தனியாக வழி போட்டுவிட்டார்கள்.

திங்களன்று பார்த்த கிணற்றுக்கு அணிக்கோவை போடுங்கள். மூலைவிட்டத்தில் 2, 3, 4, 5, 6. அதை ஒட்டி வரிசையாக 1, மூலையில் ஒரு 1. பூச்சியமாகாத உறுப்புகள் இரண்டே இரண்டு: 2·3·4·5·6 = 720, சுற்றிவரும் ஒன்றுகளின் பெருக்கல் 1. ஐந்து உறுப்புச் சுழற்சிக்கு நிறைக்குறி, ஆகவே 721. அதுதான் ஆழம்! மூன்று கட்டுக் கணக்கில் 2·3·4 + 1 = 25. வீடுகள் நான்கோ ஆறோ இருந்தால் குறி மாறி ஒன்று கழியும்.

தேர்வுத் தாளில் கிராமர் விதி அழகு, வெளியே அது ஆகாது. பத்து மாறிகளுக்கு 11 அணிக்கோவைகள், ஒவ்வொன்றையும் விரித்தால் 3,628,800 உறுப்புகள், உறுப்புக்கு 9 பெருக்கல். மொத்தம் 36 கோடிக்குச் சற்றுக் குறைவு. நீக்கல் முறையில் 430. மலேசியாவில் படிவம் 5-இல் 2 × 2 நேர்மாறு அணியோடு நிறுத்திக்கொள்வதால் பிள்ளைகளுக்கு இந்த வித்தியாசம் உறைப்பதில்லை.

கிராமர் பெயரில் உள்ள இன்னொன்று அந்த விதியைவிட முக்கியம், அதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. முப்படி வளைவரைக்கு 10 கெழுக்கள், விகிதம் மட்டும் வேண்டும் என்றால் 9. ஆக, 9 புள்ளிகள் ஒரு வளைவரையைத் தீர்மானிக்க வேண்டும். ஆனால் இரண்டு முப்படி வளைவரைகள் 9 புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். அப்படியானால் அதே 9 புள்ளிகள் வழியே இரண்டு போகின்றனவே? 1750-இல் அச்சான கட்டுரையில் ஆய்லர் முடிச்சை அவிழ்த்தார்: சமன்பாடு ஒன்பது இருந்தால் ஒன்பது செய்தி இருக்கும் என்று யார் சொன்னது? 3x − 2y = 5 என்பதும் 4y = 6x − 10 என்பதும் பார்க்க இரண்டு, உள்ளே ஒன்று. ஒரு சமன்பாடு மற்றவற்றைச் சார்ந்திருக்கலாம் என்ற எண்ணம் அங்கே பிறந்தது. அதற்கு அணியின் தரம் என்று முறையான வரையறை தர ஃப்ரோபேனியஸ் வரவேண்டியிருந்தது, 1879.

வியாழன் – பினாங்கு மலை

204-ஆம் எண் பேருந்து ஜெட்டியிலிருந்து நேரே மலை நிலையத்துக்கு வரும். முதல் வண்டிகளைப் பிடித்தால் வரிசை இருக்காது, மூடுபனியும் குறைவு. கம்பிவடப் பாதை ஏறத்தாழ 2 கிலோமீட்டர், 1923-இல் போட்டது, 2011-இல் புதுப்பித்தது. உச்சி 833 மீட்டர். மேலே முருகன் கோவில் வாசலைத் தாண்டி வடக்கே பார்த்தால், வானம் தெளிவாக இருந்தால், கடாரத்துக் குனோங் ஜெராய். அதன் உயரம் 1,217 மீட்டர். சர்வேயர்களுக்குக் கண்ணுக்குக் கண் பார்க்கும் இப்படிப்பட்ட உச்சிகள்தான் உயிர்.

இங்கே நின்று திசையும் தூரமும் பேசலாம். 1843 அக்டோபர் 16 அன்று டப்ளினில் கால்வாய்க் கரையோரம் நடந்த ஹாமில்டன், i² = j² = k² = ijk = −1 என்று பாலத்துக் கல்லில் கீறினார். பெருக்கலில் வரிசை மாறினால் விடை மாறலாம் என்று கணிதம் துணிந்து ஏற்ற நாள் அது. அதற்கு அடுத்த ஆண்டே ஸ்டெட்டின் நகரத்துப் பள்ளி ஆசிரியர் ஹெர்மன் கிராஸ்மன் எத்தனை பரிமாணத்துக்கும் பொருந்தும் கோட்பாட்டை எழுதி வெளியிட்டார். நேரியல் சார்பின்மை, அடிக்கணம், பரிமாணம், இரண்டு உள்வெளிகளின் பரிமாணக் கூட்டல் விதி எல்லாம் அதில் இருந்தன. யாரும் வாங்கவில்லை. 1847-இல் மதிப்பிட்ட கணிதர் கும்மர், கருத்து நன்று, நடை தெளிவில்லை என்றார். பல்கலைக்கழக வேலை கிடைக்கவில்லை. 1864-இல் சுமார் 600 பிரதிகளை வெளியீட்டாளர் பழைய காகிதமாக்கினார். 1862-இல் திருத்தி எழுதியதும் போணியாகவில்லை. மனிதர் சோர்ந்து உட்காராமல் சமஸ்கிருதம் பக்கம் திரும்பி ரிக்வேதத்துக்கு அகராதி செய்தார் (1873–75). அதை இந்தியவியலார் இன்றும் புரட்டுகிறார்கள். கும்மர் சொன்னதிலும் நியாயம் உண்டு: தத்துவ முன்னுரையில் மாட்டிக்கொண்டு, ஒரு எடுத்துக்காட்டுக்கு வர எத்தனை பக்கம்!

லண்டனில் வேறு வகை ஆட்கள். கேலியும் சில்வெஸ்டரும் வழக்கறிஞர்கள். வழக்குக் கட்டுகளுக்கு நடுவே கணிதம் பேசினார்கள். 1850-இல் சில்வெஸ்டர் அணிக்குப் பெயர் வைத்தார், 1858-இல் கேலி அணிகளைக் கூட்டிப் பெருக்கி நேர்மாறு கண்டு, எண்களைப் போல நடத்தலாம் என்று காட்டினார். ஒவ்வொரு அணியும் தன் சிறப்பியல்புச் சமன்பாட்டை (|A − λI| = 0) நிறைவு செய்யும் என்ற தேற்றத்துக்கு 2 × 2-க்கு நிறுவல் தந்தார், 3 × 3-க்குச் சரிபார்த்தேன் என்றார், பொது நிறுவலுக்கு மெனக்கெட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார். முழுப் பொதுமையில் நிறுவியவர் ஃப்ரோபேனியஸ், 1878. நிறுவுகிறேன் என்று அணிக்கோவை |A − λI|-இல் λ-க்குப் பதில் A-ஐ நேரே போட்டு 'பூச்சியம், முடிந்தது' என்று எழுதும் மாணவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. λ ஓர் எண். அணியை எண்ணின் இடத்தில் வைக்க முதலில் பல்லுறுப்புக் கோவையை விரிக்க வேண்டும்.

கிராஸ்மனை ஒழுங்காகப் படித்த சிலரில் ஒருவர் பியானோ. 1888-இல் வெக்டர் வெளிக்கு இன்று பாடத்தில் உள்ளதுபோலவே அடிகோள்கள் எழுதினார். அதையும் முப்பது ஆண்டு யாரும் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளி – தண்ணீர்மலை

முருகன் கோவிலுக்கு 513 படி. ஏறி இறங்க நேரம் போய்விடும் என்பதால் இன்று சுருக்கம்.

ஐகன் மதிப்பு (அணி ஒரு வெக்டரைத் திசை மாற்றாமல் எத்தனை மடங்கு ஆக்குகிறது என்பது) கோள்களின் நீண்டகால ஆட்டத்திலிருந்து வந்தது. சமச்சீர் மெய்யணிக்கு அவை எல்லாம் மெய்யெண்கள் என்று 1829-இல் கோஷி நிறுவினார். 1925-இல் ஹைசன்பர்க் எழுதிய வினோதப் பெருக்கல் அட்டவணைகள் அணிகள்தான் என்று கண்டுகொண்டவர் மாக்ஸ் பார்ன். கல்லூரியில் படித்தது அவருக்கு நினைவிருந்தது. அவரோடு சேர்ந்து அதை வளர்த்தவர் பாஸ்குவால் ஜோர்டன். நீக்கல் முறை ஜோர்டன் செவ்வாயன்று வந்த வில்ஹெல்ம். ஜோர்டன் நியமன வடிவத்துக்குரியவர் 1870-இல் எழுதிய பிரெஞ்சுக்காரர் காமீல். அவரைப் பிரெஞ்சு வாயில் ஜோர்தான் என்றுதான் சொல்ல வேண்டும். மூவரையும் ஒருவராக்கி எழுதிய பாடக்குறிப்புகள் சுற்றுகின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

சனி – பாயான் லெப்பாஸ்

தொழிற்சாலைகளுக்குள் விடமாட்டார்கள். பேருந்துச் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு போக வேண்டியதுதான். அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையை 1972-இல் இங்கேதான் போட்டது. சிப்புகளைக் கோப்பதும் சோதிப்பதும் இன்றும் தீவின் பெரிய தொழில்.

கணினி வந்தபோது நீக்கல் முறையை யாரும் நம்பவில்லை. 1943-இல் ஹோட்டலிங் ஒரு கணிப்புச் சொன்னார்: n சமன்பாட்டில் முழுதாக்கல் பிழை 4-இன் n−1 படி மடங்கு வரை பெருகலாம். 18 சமன்பாட்டுக்கு அது 1,700 கோடி மடங்கு. பத்து இலக்கம் போயே போய்விடும். 1946-இல் இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஃபாக்ஸ், குட்வின், டியூரிங், வில்கின்சன் நால்வரும் மேசைக் கணிப்பானில் 18 சமன்பாடுகளைத் தீர்த்துப் பார்த்தார்கள். விடையைத் திரும்ப இட்டால் மிச்சம் கடைசி இலக்கத்தில்தான் இருந்தது. ஏன் என்று தேடியதில் வந்தவை 1947-இல் ஃபான் நாய்மன்–கோல்ட்ஸ்டைன் கட்டுரையும், 1948-இல் நிலைமை எண்ணை (சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு வரை பெருகலாம் என்பதை) அறிமுகப்படுத்திய டியூரிங்கின் கட்டுரையும். வில்கின்சன் 1961-இல் கணக்கை முடித்தார்: கிடைக்கும் விடை, சற்றே மாறிய வேறொரு அணியின் சரியான விடை. அந்த மாற்றம் சிறிதாக இருக்க ஒரு நிபந்தனை, பெரிய எண்ணைத் தலையெண்ணாக எடுக்க வேண்டும்.

எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்று மூன்று இலக்கத்தில் செய்து பாருங்கள்:

0.0001x + y = 1
x + y = 2

உண்மை விடை x-உம் y-உம் ஏறக்குறைய 1. முதல் சமன்பாட்டை 10,000-ஆல் பெருக்கிக் கழித்தால் −9,999y = −9,998. மூன்று இலக்கத்தில் இரண்டும் −10,000 ஆகிவிடும். y = 1 வரும். திரும்ப இட்டால் 0.0001x = 0, அதாவது x = 0. முழுத் தவறு. நிரைகளை இடம் மாற்றிவிட்டுத் தொடங்கினால் y = 1, x = 1. குறைச்சல் எங்கே? 10,000-ஆல் பெருக்கியதும் இரண்டாம் சமன்பாட்டின் 2 என்ற செய்தி மூழ்கிப் போனது. எண்ணைப் பார்த்தால் தவறு தெரியாது, விடை வழுக்கென்று வந்துவிடும், அதுதான் ஆபத்து.

இடமாற்றம் செய்தும் காப்பாற்ற முடியாத அணிகள் உண்டு. 1894-இல் ஹில்பர்ட் எடுத்த அணி: i-ஆம் நிரை, j-ஆம் நிரலில் 1/(i + j − 1). வரிசை 10-இலேயே நிலைமை எண் 1.6 × 10¹³. இரட்டைத் துல்லியத்தில் (64 பிட் எண்ணில்) இருப்பது 16 இலக்கம். 13 போனால் மிஞ்சுவது மூன்று. 12-க்குப் போனால் ஒன்றும் மிஞ்சாது. மடிக்கணினியில் இரண்டு வரி நிரலில் பார்த்துவிடலாம். செவ்வாய்க்கிழமை இயல்நிலைச் சமன்பாட்டுக்கும் இதில் ஒரு எச்சரிக்கை இருக்கிறது: அது நிலைமை எண்ணை வர்க்கப்படுத்திவிடும். அதனால்தான் 1965-இல் கோலுப், ஹவுஸ்ஹோல்டரின் பிரதிபலிப்புகளைக் கொண்டு மீச்சிறு வர்க்கத்தை இயல்நிலைச் சமன்பாடு இல்லாமலேயே தீர்க்க வழி சொன்னார்.

1969-இல் ஸ்ட்ராசன் 2 × 2 அணிகளை 8-க்குப் பதில் 7 பெருக்கலில் பெருக்கிக் காட்டியது பெரிய பேச்சு. நடைமுறையில் சின்ன அணிகளுக்கு அது லாபமில்லை. சிப் செய்பவர்கள் போன வழி வேறு: 4 × 4 கட்டங்களை ஒரே அடியில் பெருக்கிக் கூட்டும் அலகுகளை 2017 முதல் வரைகலைச் சிப்புக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். வேகத்துக்காக அவை 16 பிட் எண்ணை உள்ளே எடுக்கின்றன. துல்லியம் மூன்று இலக்கம் சொச்சம். அதில் அணியைக் காரணிப்படுத்தி, மிச்சத்தை மட்டும் 64 பிட்டில் கணக்கிட்டு, திருத்தத்தை மறுபடி அதே காரணிகளால் தீர்த்துக் கூட்டுகிறார்கள். வில்கின்சன் காலத்திலேயே எழுதிவைத்த உத்தி. நிலைமை எண் ஆயிரத்துச் சொச்சத்துக்குள் இருந்தால் சில சுற்றுகளில் முழுத் துல்லியம் வரும். அதைத் தாண்டினால் திருத்தமே தவறிப்போய்ச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது 32 பிட்டில் காரணிப்படுத்த வேண்டும், அல்லது திருத்தும் சுற்றுக்குள் வலுவான மறுசெயல் முறை ஒன்றைப் போட வேண்டும்.